பட்டாளத்தார் வீட்டு மரித்தோர்

அற்புதமலர் கையுறையை உருவி மேலங்கிப் பைக்குள் செருகிவிட்டு, நான்காக மடித்திருந்த கடதாசியை மேசையில் விரித்தாள். மடிப்புகள் இற்றுப்போயிருந்தன. விரலால் நீவினால் கிழியும். உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினாள்.

"இதில் எத்தனை பேர்?" என்றாள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆன்-சோஃபி.

"நாற்பத்தொரு பேர்."

"எல்லோரும் உங்கள் குடும்பமா?"

"ஆம். எல்லோரும் செத்தவர்கள்."

"எல்லோருமா?"

"செத்தவர்களைத்தான் இதில் எழுதுவோம்."

காலை ஏழேகால். பாரிசில், கார் து லெஸ்த் ரயில் நிலையத்துக்குப் பின்தெரு ஒன்றில் மூன்றாம் மாடி. அற்புதமலர் ஆறு வருடங்களாக அந்த அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிறாள். ஐந்தரைக்கு வந்தால் எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். மற்றவர்கள் ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள். ஆன்-சோஃபி மட்டும் ஏழுக்கே வந்து விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பிள்ளைகுட்டி இல்லாமல் செத்துப்போகிறவர்களுக்கும் எங்கேயாவது ஒரு சொந்தக்காரர் இருப்பார். அவரைத் தேடிப் பிடிப்பதுதான் அந்த அலுவலகத்தின் தொழில். சுவர் முழுவதும் நீளநீளமான வம்சக் கோடுகள். கட்டத்துக்கு ஒரு பெயர். செத்தவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை.

போன கிழமை அந்தச் சுவரைத் தூசி தட்டும்போது மலர் ஒரு கட்டத்தில் விரல் வைத்தாள். பிறந்தது 1898. சிலுவை இல்லை.

"இவர் இருக்கிறாரா?"

ஆன்-சோஃபி சிரித்தாள். "இருக்க வழியில்லை, மதாம் மலர். ஆனால் பத்திரம் கிடைக்கவில்லை. பத்திரம் இல்லாமல் இங்கே நாங்கள் ஒருவரையும் சாகடிப்பதில்லை."

மலர் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு குசினிப் பக்கம் போய், கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பைகளை மறுபடி கழுவினாள். ஒரு கிழமை யோசித்துத்தான் இந்தக் கடதாசியைக் கொண்டுவந்தாள்.

அவளுடைய ஊர் மன்னாரில், கடற்கரைப் பக்கம். அங்கே வீட்டுக்கு வீடு ஒரு மரித்தோர் கடதாசி இருக்கும். மரித்தோர் நாளான நவம்பர் இரண்டாம் திகதி அதைக் கத்தோலிக்கக் கோயிலில் கொடுப்பார்கள். பூசையில் ஒவ்வொரு பெயராக வாசிக்கப்படும். உறவு எழுதுவதில்லை, திகதி எழுதுவதில்லை. சாகச் சாக ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர் மட்டும். கடதாசி பழுதானால் வீட்டுப் பெண் ஒருத்தி புதிதாகப் பார்த்தெழுதுவாள். எதை மாற்றினாலும் ஒழுங்கை மாற்றக்கூடாது. இது மலரின் தாயார் பார்த்தெழுதியது. கீழே ஒன்பது பெயர்கள் மட்டும் மலருடைய கையெழுத்து.

முதற்பெயருக்குப் பக்கத்தில் மாத்திரம் ஒரு சொல் கூடுதலாக இருந்தது. எக்தோர் மக்நீல், பட்டாளம்.

ஆன்-சோஃபி அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "இது ஸ்கொட்லாந்துப் பெயர். மலைநாட்டுக் குலம் ஒன்றின் பெயர்."

"வெள்ளைக்காரப் பட்டாளம் என்று சொல்வார்கள். ஊரில் எங்கள் வீட்டுக்கே பட்டாளத்தார் வீடு என்றுதான் பெயர். இரண்டு தலைமுறைக்கு ஒரு பிள்ளை பூனைக்கண்ணோடு பிறக்கும்."

"உங்களுக்கு அவரைப் பற்றி என்ன தெரிய வேண்டும்?"

"எப்போது செத்தார், எங்கே செத்தார். பத்திரம்."

ஆன்-சோஃபி புதிய மஞ்சள் கோவை ஒன்றை எடுத்து மேலே பெயரை எழுதினாள். எடின்பரோவில் தனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், ஓய்வு நேரத்தில் பார்த்துத் தருவார் என்றாள். மலர் நன்றி சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினாள். அவள் கேட்க வந்தது இன்னொருவரைப் பற்றி. அந்தக் கடதாசியில் இல்லாத பெயர் அது.

யூலியன் வள்ள எஞ்சின் திருத்துகிறவன். மலரின் தகப்பனுடைய எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, உதிரிப்பாகம் வரவில்லை என்று ஒரு மாதம் தினமும் வந்து போனான். பாகம் இரண்டாம் நாளே வந்துவிட்டது என்பது அவனைக் கட்டின பிறகுதான் மலருக்குத் தெரிந்தது. 2007இல் சண்டை நெருங்கக் கரையை விட்டு வன்னிக்குள் போனார்கள். ஒன்பது இடம் மாறினார்கள். 2009 மார்ச்சில் புதுமாத்தளன் கடற்கரைக்கு வந்தபோது மகள் சுஜானிக்கு ஒன்பது வயது, தொடையில் ஷெல் துண்டு. காயக்காரரை ஏற்றிப்போகக் கப்பல் வெளியே நின்றது. காயக்காரர் ஒருவரோடு ஒருவர்தான் போகலாம். யூலியன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிள்ளையை வள்ளத்தில் கிடத்தி, மலரையும் ஏற்றிவிட்டான்.

"அடுத்த கப்பலுக்கு வாறன்" என்றான். "தலைக்கு ஏதும் போட்டுவிடு அவளுக்கு. வெய்யில்."

அடுத்த கப்பலிலும் அதற்கடுத்ததிலும் அவன் வரவில்லை. முகாம், ஆணைக்குழு, படம் ஒட்டிய விண்ணப்பம் என்று மலர் எல்லாப் படியும் ஏறி இறங்கினாள். இருக்கிறார் என்றும் ஒருவர் சொல்லவில்லை, இல்லை என்றும் ஒருவர் சொல்லவில்லை. 2012இல் தமையன் பேதுரு மலரையும் மகளையும் பாரிசுக்கு எடுத்துவிட்டார். புறநகரான திரான்சியில் ஓர் அறை, பிறகு இரண்டு அறை. விடுதிகளில் கட்டில் விரித்தாள். அலுவலகங்கள் துடைத்தாள். ஒவ்வொரு நவம்பரிலும் அந்தக் கடதாசியை விரித்துப் பேனாவை எடுத்து வைப்பாள். மூடியைக் கழற்றாமலே திருப்பி வைப்பாள். எழுதினால் அது அவள் கையால் நடந்ததாகிவிடும்.

இந்த வருடம் தள்ளிப்போட முடியவில்லை. சுஜானிக்கு வருகிற மாசியில் கலியாணம். மாப்பிள்ளை தனூஜன், கூசேன்வில்காரன், அவளோடு ருவாசி விமான நிலையத்தில் வேலை செய்கிறவன். பெண்ணைக் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக வேண்டியவர் பேதுரு.

அலுவலக வேலை முடிந்ததும் மலர் தமிழ்க் கடைகள் நிறைந்த லாஷப்பலுக்குப் போய்விடுவாள். ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஜனார்த்தனனின் சாப்பாட்டுக் கடை. பின்பக்கம் நின்று மூன்று மணிவரை ரோல்ஸ் சுற்றுவாள். பேதுரு ஓய்வெடுத்த மனிதர். பதினொரு மணிக்கு வந்து பால் விடாத பிளேன்ரீயோடு உட்கார்ந்தாரென்றால் கடைக்கு ஒரு சாமான் கூடினது போல.

"பிள்ளை, திருப்பியும் சொல்லுறன்" என்றார். "தகப்பன்ரை இடத்தில நிண்டு அவளைக் கூட்டிக்கொண்டு போறது நான். அவனுக்கு ஒரு பூசை குடுக்காமல் என்னெண்டு நான் அந்த வாசல் தாண்டுறது? இந்த நவம்பருக்கு எழுதிவிடு."

"இருக்கிற ஆளுக்கு ஏன் பூசை?"

"பதினாறு வருசம், மலர்."

"பத்திரம் இருக்கோ அண்ணை?"

"உனக்கு உந்தப் பிரெஞ்சுக்காரியோட சேர்ந்து பத்திரப் பயித்தியம் பிடிச்சிட்டுது."

ஆனால் பிரெஞ்சுக்காரி பட்டாளத்தாரைத் தேடுவதில் அவருக்குச் சந்தோஷம்தான். கடைக்கு வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லுவார். ஜனார்த்தனன் கல்லாவில் இருந்தபடி கேட்பான்: "பேதுரண்ணை, கலியாணத்துக்குக் கோட்டோ, இல்லாட்டி உங்கட ஸ்கொட்லாந்து ஆக்களின்ரை கட்டம்போட்ட பாவாடையோ?"

"கட்டுவன்ரா. எங்கட பரம்பரை உடுப்பு. உன்னை மாதிரி எங்கட கால் சூம்பிப்போயோ கிடக்கு?"

"முழங்கால் வாதத்துக்குக் குளிர் கூடாதெண்டு டொக்டர் சொன்னதாக் கேள்வி."

யூன் மாதம் முதலாவது பத்திரம் வந்தது. பட்டாளத்தின் ஆள்பதிவுப் பக்கம் ஒன்றின் படம். சாய்ந்த எழுத்தில், பத்துப் பதினைந்து பெயர்களுக்கு நடுவே, ஹெக்டர் மக்நீல், சாதாரணச் சிப்பாய். 1815 முதல் மன்னார்க் கோட்டையில். முத்துக்குளிப்புக் காலத்தில் கரைக்காவலுக்கு அனுப்பப்பட்டவர். ஆன்-சோஃபி தேசப்படத்தைத் திரையில் பெரிதாக்கி ஸ்கொட்லாந்தின் மேற்கு ஓரத்தில் ஒரு பொட்டைக் காட்டினாள். பாரா என்று ஒரு தீவு. தீவு முழுக்க மக்நீல்கள்தான். ஒரே குலம், அதற்கொரு தலைவர். தலைவர் கேட்டால் வீட்டுக்கொரு பையனைப் பட்டாளத்துக்குக் கொடுப்பார்கள்.

"அங்கே என்ன தொழில்?"

"மீன்பிடி. கொஞ்சம் ஆடு."

"வேதம்?"

"கத்தோலிக்கர். அந்தப் பக்கத்தில் அது அபூர்வம்."

மலர் திரையைக் குனிந்து பார்த்தாள். மணல், கல், வள்ளங்கள். "அப்படியானால் எங்கள் ஊருக்கு வந்தபோது அவருக்கு எதுவும் புதிதாக இருந்திருக்காது" என்றாள். "வெய்யிலைத் தவிர."

அவள் சந்தோஷப்பட்டதை ஆன்-சோஃபி அன்றுதான் முதன்முறை பார்த்தாள். தாயும் தாயின் தாயும் பார்த்துப் பார்த்து எழுதிய ஒரு பெயர், தங்கள் வீட்டுக்கு வெளியேயும் ஒரு கடதாசியில் இருக்கிறது என்பது மலருக்குப் பெரிய காரியமாகப் பட்டது. அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் படமெடுத்தாள். மத்தியானம் ரோல்ஸ் மாவுக் கையோடு ஜனார்த்தனனுக்கும் காட்டினாள்.

யூலையில் பேதுரு ஊர்ப் பங்குச் சுவாமியாருக்கு எழுதி, பழைய கோயில் பதிவேட்டில் இரண்டு பக்கங்களைப் படமாக வருவித்தார். 1817இல் அந்தோனி என்ற பிள்ளைக்கு ஞானஸ்நானம். தகப்பன் பெயர் எக்தோர், தாய் மதலேனாள். அடுத்த பக்கத்தில் அதே மதலேனாளின் அடக்கம், 1839. கடதாசியில் இரண்டாவது பெயர் மதலேனாள், மூன்றாவது அந்தோனி. எல்லாம் பொருந்தியது. மஞ்சள் கோவையில் ஆன்-சோஃபி கோடு கீறி, எக்தோரையும் மதலேனாளையும் அந்தோனியோடு சேர்த்தாள். மதலேனாளுக்குச் சிலுவை போட்டாள். எக்தோருக்குப் போடவில்லை.

செப்டம்பரில் இன்னொரு பக்கம். 1818இல் கண்டிச் சீமையில் கலகம். மன்னாரிலிருந்த ஆட்களையும் மேலே நடத்திக் கொண்டுபோனார்கள். டிசம்பர்ப் பதிவில் மக்நீலின் பெயருக்கு நேரே, காய்ச்சல், வைத்தியசாலை. அதோடு சரி.

"முடிஞ்சுது" என்றார் பேதுரு. "கண்டிக் காய்ச்சல். ஆயிரக்கணக்கில செத்தவங்களாம். மதலேனாளுக்கு ஆரோ வந்து சொல்லியிருப்பினம், அவ எழுதியிருக்கிறா. எங்கட ஆக்களின்ரை கடதாசி பொய் சொல்லாது."

மலர் மறுநாள் காலை ஆன்-சோஃபியிடம் கேட்டாள். "காய்ச்சல் என்று எழுதியிருந்தால் போதுமா?"

"போதாது."

"செத்திருப்பார்தானே?"

"செத்திருக்கலாம். ஆனால் எனக்குப் பத்திரம் வரவில்லை."

அந்தப் பதிலைக் கேட்க வேண்டும் என்றுதான் கேட்டாள். அதைச் சுமந்துகொண்டு போய் மகளிடம் சொன்னாள்: படித்த ஆட்கள், அதையே தொழிலாகச் செய்கிறவர்கள், இருநூறு வருடத்துக்கு முந்திய ஆளைக்கூட அப்படிச் சாகடிக்கிறார்களில்லை. சுஜானி சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே பிரெஞ்சில் மறுமொழி சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. பிறகு கதவடியில் நின்று தமிழில் சொன்னாள்:

"எனக்கு ஒருக்கா அழவேணும் அம்மா. சின்னனிலயிருந்து பாதியில நிக்குது. அழுதுபோட்டுக் கலியாணம் கட்டவேணும்."

கதவு சாத்திக்கொண்டது.

ஒக்டோபர் கடைசிக் கிழமை, செவ்வாய்க்கிழமை. மலர் தூசி உறிஞ்சும் குழாயை நிறுத்தியபோது ஆன்-சோஃபி கோட்டைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தாள். கையில் மூன்று தாள்கள்.

"மதாம் மலர், உட்காருங்கள்."

அந்த அலுவலகத்தில் மலர் உட்கார்ந்ததில்லை. நாற்காலியின் விளிம்பில் இருந்தாள்.

"அவர் கண்டியில் சாகவில்லை. காய்ச்சல் மாறிவிட்டது. 1820இல் பட்டாளத்திலிருந்து விலக்கி ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அரசாங்க ஓய்வூதியம் வாங்கியிருக்கிறார். ஓய்வூதியப் பதிவில் இறந்த வருடம் இருக்கிறது. 1853."

"உயிரோடா!" என்றாள் மலர். முன்வீட்டுக்காரரைப் பற்றிச் செய்தி கேட்டதுபோல எழுந்துவிட்டாள். "உயிரோடு போய்ச் சேர்ந்துவிட்டார்!"

ஆன்-சோஃபி அவளைப் பார்த்தாள். இரண்டாவது தாளைக் கொடுக்கவா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. "1822இல் அந்தத் தீவிலேயே கலியாணம் செய்திருக்கிறார். கோயில் பதிவில் இருக்கிறது. 1851 குடிமதிப்புக் கணக்கெடுப்பில் மனைவி, வீட்டில் ஆறு பிள்ளைகள்."

"மன்னாரில் முதலே கலியாணம் முடித்தவரா என்று அவரைக் கேட்க மாட்டார்களா?"

"கேட்டிருக்கிறார்கள். மணமாகாதவர் என்று எழுதியிருக்கிறது."

தெருவில் குப்பை வண்டி நின்று, ஏற்றி, போனது. மலர் மெல்ல உட்கார்ந்தாள். கணக்கு அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மதலேனாள் செத்தது 1839. கடதாசியில் அவளுக்கு மேலே எக்தோர். ஆகவே அவள் சாவதற்கு முந்தியே அவர் பெயர் அங்கே ஏறிவிட்டது. 1853 வரைக்கும், நவம்பருக்கு நவம்பர், வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு மனிதனை மரித்தவன் என்று மன்னாரில் வாசித்திருக்கிறார்கள்.

"நான் இந்தச் செய்தியைக் கொண்டுவந்திருக்கக் கூடாதோ?" என்றாள் ஆன்-சோஃபி.

"இல்லை. நான் பத்திரம் கேட்டேன். நீங்கள் தந்தீர்கள்."

ஆன்-சோஃபி பேனாவை எடுத்து எக்தோரின் பெயருக்குப் பக்கத்தில் சிலுவை போட்டு, 1853 என்று எழுதினாள். மலர் மீதி அறையையும் துடைத்துவிட்டுத்தான் போனாள்.

பேதுருவுக்குக் கடையில் வைத்துச் சொன்னபோது பிளேன்ரீ கையில் அப்படியே நின்றது.

"வெட்டு அவன்ரை பேரை" என்றார். "இண்டைக்கே வெட்டு. ஏமாத்துக்காரன். இருநூறு வருசமா ஓசிப் பூசை வாங்கியிருக்கிறான்!"

ஜனார்த்தனன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வடைத் தட்டை அடுக்கினான்.

"எப்பிடி வெட்டுறது அண்ணை?" என்றாள் மலர். "இப்ப எண்டால் செத்தவர்தானே."

"மதலேனாள் பாவம்."

"மதலேனாளுக்குத் தெரியாதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

பேதுரு பிளேன்ரீயைக் கீழே வைத்தார். மலருக்கும் தான் கேட்ட கேள்விக்கு விடை தெரியாது. கப்பலில் வந்த யாராவது சொல்லியிருக்கலாம், ஆள் நலமாக ஊர்போய்ச் சேர்ந்துவிட்டது என்று. அதைக் கேட்டுவிட்டே மதலேனாள் எழுதியிருக்கலாம். ஒருவரும் சொல்லாமல் விட்டிருக்கலாம், பொறுத்துப் பார்த்துச் சலித்து எழுதியிருக்கலாம். பெயர் மட்டும் எழுதுகிற கடதாசியில் அதற்கு இடமில்லை.

மூன்றரை மணி ரயிலில் இருக்க இடம் கிடைத்தது. கார் து நோர் நிலையத்தைத் தாண்டியதும் சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தது. அவள் நினைப்பில் எக்தோர் மக்நீல் தன் தீவில், கதவடியில் இருந்து கிழிந்த வலையைப் பொத்துகிறார். பிள்ளைகள் போகிறார்கள், வருகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த முகம் யூலியனுடையதாகிவிட்டது. மலர் அதைத் தடுக்கவில்லை. எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தாள். ஏதோ ஒரு கரை. இந்தியாவாக இருக்கட்டும். எஞ்சினைக் கழற்றிப் பரப்பிவைத்திருக்கிறான். காதோரம் நரைத்துவிட்டது. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து தேத்தண்ணி கொடுக்கிறாள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. அந்தப் பெண் கேட்கிறாள், நீங்கள் முந்திக் கலியாணம் முடிச்சனீங்களோ? இல்லை என்று யூலியன் சொல்ல வேண்டும்.

அங்கே நின்றுவிட்டது. மலர் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள். கரை, எஞ்சின், தேத்தண்ணி, கேள்வி. அவன் வாயில் அந்தச் சொல்லை வைக்க முடியவில்லை. உதிரிப்பாகம் வரவில்லை என்று ஒரு மாதம் பொய் சொன்னவன்தான். இந்தப் பொய் அவனுக்கு வராது. ரயில் திரான்சிக்கு வரும்வரை நான்கு தரம் முயன்று பார்த்தாள்.

புதன், வியாழன், வெள்ளி வேலைக்குப் போனாள். உப்புப் போடாமல் ஒரு தட்டு ரோல்ஸ் போய்விட்டது.

சனிக்கிழமை பின்னேரம் சுஜானி விமான நிலையச் சீருடையோடு வந்து சோபாவில் விழுந்தாள். அவள் சொன்னாள், "அம்மா, மாமா கோல் எடுத்தவர். நாளைக்குக் காலமை லிஸ்ற்றை வெள்ளெனத் தரட்டாம்."

"இஞ்சை வந்து இரு."

கடதாசி மேசையில் விரித்துக் கிடந்தது. பக்கத்தில் பேனா.

"அந்தப் பட்டாளத்தான் உயிரோட இருந்தவன்" என்றாள் மலர். "வரேல்லை. ஏன் வரேல்லை?"

"வர விருப்பமில்லை அவருக்கு."

"ஓம். கால் இருந்தது, கடிதம் எழுத ஆள் இருந்தது. விருப்பமில்லை." கடதாசியின் மடிப்பை உள்ளங்கையால் அழுத்தினாள். "உன்ரை அப்பா இருக்கிறார் எண்டு நான் பதினாறு வருசமாச் சொல்லுறன். நீயும் கேக்கிறாய், மாமாவும் கேக்கிறார், இருக்கிறார் எண்டுதான் சொல்லுறன். இருக்கிறார் எண்டால், வரேல்லை எண்டெல்லோ அர்த்தம். கப்பலுக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு, உன்னையும் என்னையும் விட்டிட்டு எங்கையோ இருக்கிறார் எண்டெல்லோ அர்த்தம். அந்த மனிசனை நான் இவ்வளவு காலமும் அப்பிடி ஒரு ஆளா வைச்சிருக்கிறன், பிள்ளை."

சுஜானி தாயின் கையைப் பார்த்தாள். எழுது எழுது என்று நின்றவள் அவள்தான். இப்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

"சிறையில எங்கையாவது வைச்சிருந்தால்?"

"யோசிச்சன்."

"அப்ப?"

"அது எனக்குத் தெரியாது. ஒருத்தரும் எனக்குப் பத்திரம் தரப்போறதில்லை." மலர் பேனா மூடியைக் கழற்றினாள். "தெரியாமல்தான் எழுதுறன். பிழையெண்டால் அவர் வந்து என்னைப் பேசட்டும். ஆனால் அவர் வரக்கூடிய ஆள். வராமல் இருக்கக்கூடிய ஆள் இல்லை."

நாற்பத்தோராவது பெயரின் கீழே எழுதினாள். கடதாசி அவ்விடத்தில் மெலிந்துபோயிருந்ததால் பேனா முனை ஒரு இடத்தில் லேசாகக் குத்தியது. யூலியன். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. மை காயும்வரை இருவரும் கையை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு சுஜானி மேசையில் தலையைக் கவிழ்த்தாள். மலர் அவளை அழவிட்டாள். முதுகில் கைவைக்கவும் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் இரண்டு. காலையில் மழை. தாயும் மகளும் எட்டரை மணி ரயிலைப் பிடித்தார்கள். தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலின் வாசலில் பேதுரு கடித உறைகளை வாங்கிக்கொண்டிருந்தார். அவர்களுடைய உறையைத் திறந்து கீழ்ப்பக்கம் பார்த்தார், மூடினார், அடுக்கில் வைத்தார். பூசை பத்து மணிக்கு ஆரம்பித்தது. அறுபத்தேழு வீட்டுக் கடதாசிகள். மூன்று பேர் மாறிமாறி வாசித்தார்கள். பட்டாளத்தார் வீட்டுக் கடதாசி இருபத்தெட்டாவதாக வந்தது. அதைப் பேதுரு வாசித்தார். எக்தோர் மக்நீல் என்று தொடங்கி யூலியன் என்று முடிக்க இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. அடுத்த வீட்டுக் கடதாசியை அவர் எடுத்தார். பூசை முடிய பன்னிரண்டு ஆகிவிட்டது. கீழ் மண்டபத்தில் பணிசும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். தனூஜனின் தாய் வந்து மலரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். இரண்டு மணிக்கு மழை விட்டது. சுஜானிக்கு மூன்று மணி வேலை, அவள் அப்படியே ருவாசிக்குப் போனாள். மலர் லாஷப்பலில் இறங்கி முருங்கைக்காயும் அரைக் கிலோ சீலா மீனும் வாங்கினாள். வீட்டுக்கு வந்து மீனை வெட்டிக் கழுவி உப்புப் பிரட்டி வைத்தாள். நாளைய வேலைக்கான மேலங்கியைத் தோய்த்து ஹீற்றருக்கு மேல் போட்டாள்.